பாதியில் நிற்கும் வடிவமைப்பு தேவைகளை நிறைவேற்றுகிறதா? தானியங்கிச் சோதனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பொறியியல் அமைப்பு கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே அதன் கணினி மாதிரியைத் தேவைப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தானாகச் சோதிக்கும் முறை குறித்துப் பொறியாளர்களும் மாணவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கட்டுப்பாட்டு மென்பொருளும் இயந்திரப் பகுதிகளும் சேர்ந்து இயங்கும் வாகனம், விமானம், விண்கலம் போன்ற அமைப்புகளே இங்கு முதன்மையாகக் கருதப்படுகின்றன. கட்டடம், பாலம் ஆகியவற்றின் வடிவமைப்புச் சரிபார்ப்பு வேறொரு மரபைச் சேர்ந்தது.

முடிவுறாத வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறோம்?

சில பகுதிகள் நுணுக்கமாக வரையப்பட்டும், சில பகுதிகள் வெறும் பெயரோடும் உள்ளீடு வெளியீடுகளோடும் நிற்கும் வடிவமைப்பையே அவ்வாறு சொல்கிறோம். ஒரு காரின் தானியங்கி கியர்பெட்டியை எடுத்துக்கொண்டால், எந்த வேகத்தில் எந்தக் கியருக்கு மாற வேண்டும் என்ற தர்க்கம் முடிந்திருக்கலாம். எஞ்சினின் முறுக்குவிசை அட்டவணை முந்தைய வாகனத்திலிருந்து கடனாக வந்திருக்கலாம். வண்டியின் இறுதி எடை ஓர் எண்ணாக இல்லாமல் ஒரு வரம்பாக மட்டுமே தெரிந்திருக்கலாம். திட்டக் காலத்தின் பெரும்பகுதியில் எல்லா வடிவமைப்புகளும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. எனவே நாம் பேசுவது விதிவிலக்கான ஒரு நிலையைப் பற்றி அல்ல.

முடிந்த பிறகு சோதித்தால் போதாதா?

முடிந்த பிறகு சோதிப்பது எப்படியும் நடக்கத்தான் வேண்டும். ஆனால் அப்போது பிழை தெரிந்தால் வார்ப்பு அச்சுகளும் மின்சுற்றுப் பலகைகளும் வாங்கிய உதிரிப் பாகங்களும் சேர்ந்தே மாற வேண்டியிருக்கும். பொதுவாகச் சொல்லப்படும் காரணம் இதுதான், இது சரியான காரணமும்கூட. ஆயினும் இதைவிட முக்கியமானதாக எனக்குத் தோன்றுவது இன்னொன்று: வடிவமைப்பு முடியாமல் இருக்கும் காலத்தில் தேவைப் பட்டியலும் முடியாமல்தான் இருக்கிறது, ஆரம்பகாலச் சோதனை முதலில் அம்பலப்படுத்துவது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் உள்ள ஓட்டைகளைத்தான்.

நாசாவின் 'மார்ஸ் போலார் லேண்டர்' இதற்குத் தகுந்த சான்று. 1999 ஜனவரி 3 அன்று ஏவப்பட்ட அந்த விண்கலம் அதே ஆண்டு டிசம்பர் 3 அன்று செவ்வாயின் தென்துருவப் பகுதியில் இறங்கும்போது தொலைந்துபோனது. இறங்கும் நேரத்தில் அது தரவு எதையும் அனுப்பாததால், காரணத்தை ஆராய்ந்த குழு எதையும் உறுதியாகச் சொல்லாமல், மிகவும் சாத்தியமான காரணம் என்று பின்வருவதைக் குறிப்பிட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் கலத்தின் கால்கள் விரியும்போது ஏற்படும் அதிர்வால், கால் தரையைத் தொட்டதா என்று பார்க்கும் சென்சார்கள் ஒரு கணம் பொய்யான சைகையைத் தரக்கூடும். மென்பொருள் அந்தச் சைகையை நினைவில் பிடித்து வைத்துக்கொண்டது. 40 மீட்டர் உயரத்தில் அந்தத் தகவலைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி கிடைத்தவுடன், கலம் தரையில் நிற்பதாக முடிவுசெய்து எஞ்சின்களை நிறுத்தியது. அங்கிருந்து விழுந்த கலம் விநாடிக்கு ஏறத்தாழ 22 மீட்டர் வேகத்தில் தரையில் மோதியிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, தேவை எங்கே நழுவியது என்பதே. தரைக்கு மிக அருகில் வரும்வரை அந்தச் சென்சார்களின் தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று மேல்மட்டத் தேவை சொல்லியிருந்தது. ஆனால் கால் விரியும்போது பொய்ச் சைகை எழும் என்ற விவரம் மென்பொருள் குழுவுக்குச் சென்ற தேவைகளில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. மென்பொருள் தனக்குத் தரப்பட்ட பட்டியலைப் பொறுத்தவரை சரியாகவே இருந்தது. தனக்கு மேலுள்ள தேவையைப் பொறுத்தவரைதான் தவறாக இருந்தது.

அப்படியானால் எந்தத் தேவையை வைத்துச் சோதிக்க வேண்டும், பகுதிக்குரியதையா, மொத்த அமைப்புக்குரியதையா?

இரண்டையும் வைத்துத்தான். ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நெருக்கடி வந்தால், மொத்த அமைப்புக்குரியதைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைப்பேன். மேலே கண்ட நேர்வில் 'கால் தரையைத் தொடும் முன் எஞ்சின் நிற்கக் கூடாது' என்ற ஒரே வாக்கியத்தை, முடிவுறாத மென்பொருள் மாதிரியோடும், எந்தக் கணத்திலும் பொய் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரு சென்சார் மாதிரியோடும் இணைத்து ஓட்டியிருந்தால், மீறல் எளிதாக வெளிப்பட்டிருக்கும். பகுதிக்குரிய தேவைகளை மட்டும் வைத்து எத்தனை ஆயிரம் சோதனைகள் ஓட்டியிருந்தாலும் அது வெளிப்பட்டிருக்காது. அந்தப் பட்டியலில் இல்லாததைப் பட்டியலை வைத்துத் தேட முடியாது.

தேவையை எப்படி எழுதினால் கணினியால் சோதிக்க முடியும்?

'கியர் மாற்றம் சீராக இருக்க வேண்டும்' என்று எழுதினால் முடியாது. 'முதல் 30 விநாடி ஓட்டத்தில், எந்தக் கியருக்குள் நுழைந்தாலும் குறைந்தது 2.5 விநாடி அதிலேயே இருக்க வேண்டும்' என்று எழுதினால் முடியும். எந்தச் சைகை, எந்தச் சூழலில், எவ்வளவு காலத்துக்குள், எந்த வரம்பு ஆகிய நான்கும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டு, இத்துறை ஆய்வாளர்கள் தங்கள் கருவிகளை ஒப்பிடுவதற்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் ஒரு தானியங்கி கியர்பெட்டி மாதிரியின் தேவைகளில் ஒன்று.

சாதாரண மொழியில் எழுதவே விரும்புகிறவர்களுக்கு 'ஈயர்ஸ்' என்ற வாக்கிய அமைப்பு முறை உதவும். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் அலிஸ்டர் மேவினும் சக பொறியாளர்களும் விமான எஞ்சின் கட்டுப்பாட்டுத் தேவைகளை ஆராய்ந்தபோது உருவாக்கி, 2009-இல் வெளியிட்ட முறை இது. எப்போதும் பொருந்துவது, ஒரு நிகழ்வு நேர்ந்தவுடன் பொருந்துவது, ஒரு நிலை நீடிக்கும்வரை பொருந்துவது, விரும்பத்தகாத ஒன்று நேர்ந்தால் பொருந்துவது, ஒரு கூடுதல் வசதி இருந்தால் மட்டும் பொருந்துவது என ஐந்து வார்ப்புகளுக்குள் தேவையை எழுத வேண்டும். நாசா வெளியிட்டுள்ள 'ஃப்ரெட்' என்ற திறந்த மூலக் கருவியும் கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கில வாக்கியங்களைப் பெற்றுக்கொண்டு அவற்றைத் தர்க்க வாய்பாடுகளாக மாற்றித் தருகிறது.

அந்த வாய்பாடுகளுக்கு மூலமாக அமைந்தது, கால ஓட்டத்தைப் பேசும் தர்க்கத்தை 1977-இல் நிரல்களின் சரிபார்ப்புக்குக் கொண்டுவந்த கணினி அறிஞர் அமிர் புனுவேலியின் பணி. அதை வேகம், வெப்பம், அழுத்தம் போன்ற தொடர் சைகைகளுக்குப் பொருந்தும்படி விரித்து, ஓடெட் மாலரும் தெயான் நிச்கோவிச்சும் 2004-இல் முன்வைத்ததே 'சிக்னல் டெம்போரல் லாஜிக்'. பெயர் மிரட்டினாலும் அடிப்படை எளிது: 'எப்போதும்', 'எப்போதாவது', 'அதுவரை' என்ற மூன்று சொற்களோடு நேர எல்லையையும் சேர்த்து எழுதுவதுதான் பெரும்பகுதி.

தானியங்கி என்பதில் எது தானாக நடக்கிறது?

பொறியாளர் கையால் எழுதிய சோதனைகளை இரவில் ஓட்டிவைப்பதும் தானியங்கிதான், ஆனால் அது அதன் எளிய வடிவம். இங்கு முக்கியமாகக் கருதப்படுவது, உள்ளீடுகளையே கணினி தேடிக் கண்டுபிடிக்கும் முறை. இதை மீறல் தேடல் எனலாம்.

மேலே சொன்ன கியர்பெட்டி மாதிரிக்கு ஆக்சிலரேட்டர், பிரேக் என்று இரண்டு உள்ளீடுகள் உண்டு. 'முதல் 20 விநாடிக்குள் வேகம் 120 என்ற அளவை எட்டக் கூடாது' என்பது ஒரு தேவை. கணினி ஏதோ ஓர் உள்ளீட்டுத் தொடரை ஓட்டிப்பார்க்கிறது. அதில் உச்ச வேகம் 112 என்று வருமானால், விளைவை 'தேறியது' என்று மட்டும் பதிவுசெய்யாமல், '8 அளவு இடைவெளியோடு தேறியது' என்று எண்ணாகப் பதிவுசெய்கிறது. அடுத்த உள்ளீட்டை அந்த இடைவெளி குறையும் திசையில் தேர்ந்தெடுக்கிறது. இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் கணத்தில் தேவையை மீறும் ஓர் எடுத்துக்காட்டு கையில் கிடைத்துவிடுகிறது. தேவையை நிறைவேற்றுவதை ஆம், இல்லை என்றில்லாமல் தூரமாக அளக்கும் இந்தக் கருத்தை ஜார்ஜியோஸ் ஃபைனெகோஸும் ஜார்ஜ் பாப்பாஸும் 2009-இலும், அலெக்ஸாண்டர் தோன்ஸேயும் மாலரும் 2010-இலும் முறைப்படுத்தினர்.

இந்த முறைக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, கியர் எண்ணைப் போல் படிப்படியாக மாறாமல் தாவி மாறும் அளவுகளில் இடைவெளிக்குச் சரிவு கிடையாது. எந்தப் பக்கம் போனால் மீறல் நெருங்குகிறது என்பதற்குத் துப்பே கிடைக்காத தேடல், குருட்டாம்போக்கான தேடலாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது, ஒரே தேவையில் வேகமும் எஞ்சின் சுழற்சியும் சேர்ந்து வந்தால், முன்னதன் இடைவெளி பத்துகளிலும் பின்னதன் இடைவெளி ஆயிரங்களிலும் இருப்பதால், ஒன்றின் எண் மற்றதை மறைத்துவிடுகிறது. அளவுகளை முதலில் ஒரே வீச்சுக்குக் கொண்டுவராமல் ஓட்டிவிட்டு, கருவியைக் குறை சொல்லும் குழுக்கள் இருக்கின்றன.

மீறல் கிடைக்கவில்லை என்றால் வடிவமைப்பு சரி என்று பொருளா?

இல்லை. தேடியவரை கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். எல்லா உள்ளீடுகளுக்கும் பொருந்தும் நிரூபணம் வேண்டுமென்றால் மாதிரி அடையக்கூடிய எல்லா நிலைகளையும் ஆராயும் மாதிரிச் சரிபார்ப்பு போன்ற வேறு முறைகளை நாட வேண்டும். அவை சிறிய, தர்க்கம் மிகுந்த பகுதிகளுக்குச் சிறப்பாக உதவினாலும், வேகம், வெப்பம் போல் தொடர்ந்து மாறும் அளவுகள் நிறைந்த பெரிய மாதிரிகளில் விரைவாகத் திணறிவிடுகின்றன.

இன்னும் வடிவமைக்கப்படாத பகுதியின் இடத்தில் எதை வைப்பது?

ஒரு பதிலியை வைக்க வேண்டும், அந்தப் பதிலி நல்ல பிள்ளையாக இருக்கக் கூடாது. தாமதமே இல்லாத சென்சார், சொன்ன கணத்தில் திறக்கும் வால்வு, ஒருபோதும் தவறாத தகவல் இணைப்பு ஆகியவற்றை வைத்து ஓட்டினால், சோதனை அறிக்கை முழுவதும் பச்சையாக வரும், ஆனால் அதற்கு மதிப்பு இருக்காது. பதிலிக்குக் கிடைக்கக்கூடிய மோசமான தாமதம், இரைச்சல், பிழை ஆகியவற்றின் வரம்பைக் கொடுத்து, அந்த வரம்புக்குள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தேடும் கணினிக்கு விட்டுவிட வேண்டும்.

1996 ஜூன் 4 அன்று தன் முதல் பயணத்திலேயே வெடித்துச் சிதறிய ஏரியன் 5 ராக்கெட்டின் கதையில் இந்தப் பதிலிப் பிரச்சினை முழுமையாக இருக்கிறது. முந்தைய ஏரியன் 4-இலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட திசைகாட்டும் கருவியின் மென்பொருள், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு 64-பிட் தசம எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்ற முயன்றது. புதிய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் 32,767 என்ற உச்சத்தைத் தாண்டியதால், முதன்மைக் கருவியும் மாற்றுக் கருவியும் ஒரே காரணத்தால் செயலிழந்தன. அந்தக் கணக்கீடு நடந்ததே ராக்கெட் தரையில் நிற்கும்போது தேவைப்படும் ஒரு செயல்பாட்டுக்காக. பறக்கத் தொடங்கிய பின் அதற்கு வேலையே இல்லை. ஷாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு கவனத்துக்குக் கொண்டுவந்த இரண்டு விஷயங்கள் இங்கு பொருந்தும். அந்தக் கருவியின் தேவைக் குறிப்பில் ஏரியன் 5-இன் பாதைத் தரவு இடம்பெறவே இல்லை. மொத்த அமைப்பையும் சேர்த்துச் சோதித்த சிமுலேஷன்களில், உண்மையான கருவியின் இடத்தில் அதன் வெளியீட்டைப் போலச் செய்யும் பதிலியே இருந்தது. அந்தப் பதிலிக்கு 16-பிட் எண் என்ற ஒன்று இருப்பதே தெரியாது.

வெளி நிறுவனங்கள் தரும் பகுதிகளை இணைப்பதற்கு 'எஃப்எம்ஐ' என்ற பொது இடைமுகம் நடைமுறையில் உள்ளது. 2010-இல் முதல் பதிப்பும், 2014-இல் இரண்டாவதும், 2022-இல் மூன்றாவதும் வெளிவந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமலேயே ஒரு நிறுவனம் தன் பகுதியின் இயங்கும் மாதிரியை மற்றொரு நிறுவனத்துக்குக் கொடுக்க இது வழிசெய்கிறது. பெற்றுக்கொள்பவர் அதை நம்பிவிடாமல், அதன் உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் தானே தொந்தரவு செய்து பார்ப்பது நல்லது.

தேறியது, தவறியது என்ற இரண்டு விடைகள் போதுமா?

போதாது. முடிவுறாத வடிவமைப்பின் சோதனையில் நான் முக்கியமாக வலியுறுத்துவது இதையே. பதிலிகள் தங்கள் வரம்புக்குள் எப்படி நடந்துகொண்டாலும் மீறல் கிடைக்கவில்லை என்பது ஒரு விடை. எப்படி நடந்துகொண்டாலும் தேவை மீறப்படுகிறது என்பது இன்னொரு விடை. இவ்விரண்டுக்கும் நடுவே, இன்னும் எடுக்கப்படாத ஒரு முடிவைப் பொறுத்தது என்ற மூன்றாவது விடையும் உண்டு. பல கருவிகளும் பல மேலாளர்களும் இந்த மூன்றாவதைப் பச்சையாகவோ சிவப்பாகவோ மாற்றிவிட அவசரப்படுகிறார்கள். பச்சையாக்கினால் ஆபத்து மறைகிறது. சிவப்பாக்கினால், நாளைக்கு எப்படியும் மாறப்போகும் ஒன்றைப் பற்றிய எச்சரிக்கைகளால் பொறியாளர்கள் சலித்து, உண்மையான எச்சரிக்கையையும் பார்க்காமல் விடுகிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கண்காணிக்கும் துறையில் இந்தச் சிக்கல் முன்பே எதிர்கொள்ளப்பட்டது. இன்னும் முடியாத ஓர் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'எப்போதாவது கதவு மூடப்பட வேண்டும்' என்ற தேவை நிறைவேறவும் இல்லை, மீறப்படவும் இல்லை. அதற்காகவே உண்மை, பொய், இன்னும் தெரியாது என்ற மூன்று மதிப்புகளைக் கொண்ட தர்க்கங்கள் அங்கு உருவாயின.

நடைமுறையில் மூன்றாவது விடையே பயன் மிகுந்தது, ஏனெனில் அதிலிருந்து ஒரு புதிய தேவையை வடித்தெடுக்க முடியும். எடுத்துக்காட்டாக, சென்சாரின் தாமதம் 30 மில்லிவிநாடிக்குள் இருக்கும்வரை பிரேக் கட்டுப்பாடு தேறுகிறது, அதைத் தாண்டினால் தவறுகிறது என்று தேடல் காட்டுமானால், அந்த 30 மில்லிவிநாடியே சென்சார் வாங்கப்போகும் குழுவுக்கான தேவையாகிறது. யாரோ அனுபவத்தில் குத்துமதிப்பாகப் போட்ட எண்ணுக்குப் பதிலாக, எந்தச் சோதனையிலிருந்து வந்தது என்று காட்டக்கூடிய எண் கிடைக்கிறது. அந்தத் தேவையோடு அதன் காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். செவ்வாய்க் கலத்தின் நேர்வில் விடுபட்டது அந்தக் காரணம்தான்.

பொய்யான தோல்விகள் ஏராளமாக வராதா?

வரும். நூறில் ஒரு விநாடிக்கு ஒருமுறை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து விடும் ஓட்டுநரைக் கணினி கண்டுபிடித்துக் கொண்டுவரும். அத்தகைய உள்ளீடுகளைத் தடுக்க மாற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடைக்கும் காரணத்தை எழுதி வைக்காவிட்டால், சங்கடமான தோல்விகளை நீக்கும் வசதியான குப்பைத்தொட்டியாக அது மாறிவிடும். மனிதக் கால் அப்படி மிதிக்காது என்பது உண்மை. பழுதான ஒரு மின் இணைப்பு அப்படிச் செய்யும்.

எல்லாச் சோதனைகளும் தேறிவிட்டன; சந்தேகப்பட வேண்டுமா?

கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். 'எண்ணெய் வெப்பம் 150 டிகிரியைத் தாண்டினால் 5 விநாடிக்குள் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும்' என்ற தேவை, வெப்பம் ஒருமுறைகூட 150-ஐத் தொடாத ஆயிரம் ஓட்டங்களிலும் தேறியதாகவே காட்டப்படும். இது வெற்றுத் தேர்ச்சி. ஒவ்வொரு தேவையின் நிபந்தனைப் பகுதியும் எத்தனை ஓட்டங்களில் உண்மையில் தூண்டப்பட்டது என்பதை அறிக்கை தனியே காட்ட வேண்டும். இன்னொரு வழி, மாதிரியில் வேண்டுமென்றே ஒரு பிழையைப் புகுத்தி, ஒரு குறியை மாற்றி அல்லது ஒரு வரம்பைத் தளர்த்தி, ஏதாவது ஒரு சோதனையாவது அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது. எதுவும் பிடிக்கவில்லை என்றால், அந்தப் பகுதியைக் காக்கும் தேவை எதுவும் பட்டியலில் இல்லை.

எவ்வளவு அடிக்கடி ஓட்ட வேண்டும்?

மாதிரியிலோ தேவையிலோ மாற்றம் சேர்க்கப்படும் ஒவ்வொரு முறையும், சில நிமிடங்களில் முடியும் ஒரு சிறு தொகுப்பையும், இரவில் நீண்ட தேடலையும் ஓட்டுவது பரவலான வழக்கம். ஒருமுறை கிடைத்த மீறல் உள்ளீடு, பிழை திருத்தப்பட்ட பிறகும் சிறு தொகுப்பில் நிரந்தரமாகச் சேர வேண்டும். தேடல் சீரற்ற எண்களைப் பயன்படுத்துவதால், அதன் தொடக்க எண்ணையும் மாதிரியின் பதிப்பையும் பதிலிகளின் வரம்புகளையும் சேர்த்துப் பதிவு செய்யாவிட்டால், நேற்று கண்ட தோல்வியை இன்று மீண்டும் காண முடியாது.

பாதுகாப்புத் தரநிலைகள் இதை ஏற்றுக்கொள்கின்றனவா?

துணைச் சான்றாக ஏற்கின்றன, இறுதிச் சோதனைக்கு மாற்றாக அல்ல. விமான மென்பொருளுக்கான டிஓ-178சி தரநிலையோடு 2011-இல் வெளிவந்த டிஓ-331 என்ற இணைப்பு, மாதிரி அடிப்படையிலான உருவாக்கத்துக்கும் சரிபார்ப்புக்கும் உரியது. மாதிரியை ஓட்டிப் பெற்ற முடிவுகளுக்கு எங்கெங்கே மதிப்பு உண்டு என்பதை அது வரையறுக்கிறது. 2011-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 26262 என்ற வாகனத் தரநிலை, மாதிரியும் அதிலிருந்து உருவான நிரலும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிடுவதைப் பரிந்துரைக்கிறது. ஆரம்பகாலத்தில் சேர்த்த மீறல் உள்ளீடுகள் இந்த ஒப்பீட்டுக்கு நேரடியாகப் பயன்படும். கருவியின் முடிவை நம்பி வேறொரு சரிபார்ப்பைக் கைவிடுவதானால், அந்தக் கருவிக்கே தகுதிச் சான்று தேவைப்படும்.

எந்தக் கருவிகளைக் கொண்டு தொடங்கலாம்?

மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளோடு இயங்கும் மாதிரி உருவாக்கக் கருவியான சிமுலிங்க் பயன்படுத்தும் நிறுவனங்களில் 'பிரீச்', 'எஸ்-தலிரோ' ஆகிய ஆய்வுக் கருவிகளை முயன்றுபார்க்கலாம். இரண்டும் மேட்லேப் சூழலில் இயங்குபவை. உரிமக் கட்டணம் தடையாக இருக்கும் கல்லூரிகளும் சிறு நிறுவனங்களும் ஓப்பன்மாடலிக்கா என்ற இலவச மென்பொருளில் மாதிரியை எழுதி, பைத்தான் மொழிக்கான 'ஆர்டிஏஎம்டி' நூலகத்தைக் கொண்டு தேவைகளைக் கண்காணிக்கலாம். தேடலுக்குப் பைத்தானிலேயே கிடைக்கும், ஓர் அளவை மிகச் சிறியதாக்கும் உள்ளீட்டைத் தேடித்தரும் உகப்பாக்க நூலகங்கள் முதல் கட்டத்துக்குப் போதும்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், பட்டியலில் யாருக்கும் முழு நம்பிக்கை இல்லாத ஒரு மேல்மட்டத் தேவையை எடுத்து, அதை நேர எல்லையோடும் எண் வரம்போடும் எழுதிப்பார்க்கும்படி பரிந்துரைக்கிறேன். மூன்று பொறியாளர்கள் தனித்தனியே எழுதினால் மூன்று வெவ்வேறு வாய்பாடுகள் வருவது வழக்கம். அந்த வேறுபாட்டைத் தீர்க்க நடக்கும் கூட்டம் சிமுலேஷன் தொடங்கும் முன்பே நடந்துவிடுவது நல்லது, அதில் மென்பொருள் குழுவோடு இயந்திரக் குழுவும் உட்கார்ந்திருக்க வேண்டும்.